பட்டை பொய் சொல்லாது

எடைக் குறைப்பு அறுவை முடிந்ததும் ஜெபராணியின் இடுப்பில் ஸ்கேன் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். சட்டென்று மெலிகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும். பட்டை பித்தப்பையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கும். உடனே பட்டை, "உணவு" என்று சொல்லிவிடும்.

முதல் வாரமே, கணவன் தாசனுக்கு மீன்குழம்பு ஊற்றும்போது பட்டை, "உணவு" என்றது.

"திருட்டுத்தனமா தின்னியா?"

"சத்தியமா இல்லைங்க. வாசனைக்கே சுருங்குது போல."

"பட்டை பொய் சொல்லாது."

மறுநாள் மூக்கில் துணி கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினாள். பட்டை வாயே திறக்கவில்லை.

தாசனுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஆசை வந்தாலே சொல்லிடுது. நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்."

ஞாயிறு மதியம் தாசன் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்ததால் வீட்டில் அடுப்பே எரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகள் இனியாவை ஜெபராணி குனிந்து பார்த்தாள். கன்னம் கொழுகொழுவென்று இருந்தது.

"உணவு" என்றது பட்டை.

வாசற்படியில் நின்ற தாசன் சட்டென்று உள்ளே வந்தான். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபோதுதான், தன் வாயில் எச்சில் ஊறியிருப்பதை ஜெபராணி உணர்ந்தாள்.