நம்பர் போடாத சீட்டு

“ஒண்ணுகூடப் பிரிக்கல அண்ணா. எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடறேன், வேற எடுத்துக்கோங்க” என்றான் ஜாபர்.

மேஜைமேல் மஞ்சள் பையிலிருந்து கொட்டிய பத்து கேசட்டுகள் கிடந்தன. சுற்றியிருந்த கண்ணாடித்தாள் எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. கொட்டிய மனிதர் துளசிங்கம், செம்பாக்கத்துக்காரர். மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் ஜாபரின் கேசட் கடைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

“நீங்க விக்கியோட அப்பாதானே? மூக்கைப் பாத்தாலே தெரியுது. அவனையே வரச் சொல்லுங்களேன். டிசம்பர் முடியப்போவுது, இங்க பசங்க சண்டைக்குக் காத்துகினு இருக்கானுங்க.”

“இன்னா சண்டை?”

ஜாபர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினான். வருஷக் கடைசியில் அந்தக் கடையில் ஒரு வழக்கம். வாடிக்கையாக வருகிறவர்கள், அந்த வருஷம் வந்ததில் தங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பத்தை ஒரு சீட்டில் எழுதி, ஒன்றிலிருந்து பத்துவரை நம்பர் போட்டு ஒட்டுவார்கள். அப்புறம் எது முதலிடம் என்று டீ ஆறிப்போகும்வரை அடித்துக்கொள்வார்கள்.

“போன வருஷம் ஒரே ஒரு புல்லாங்குழல் பிட்டுக்காக ரெண்டு மணி நேரம் வாதாடினான் அண்ணா உங்க புள்ள. வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும் நீங்க. எங்க, பத்து நாளா ஆளையே காணோம்?”

“எங்கேர்ந்து வருவான்?” என்றார் துளசிங்கம். “லைன் தாண்டச்சொல்லோ ரயில்ல அடிபட்டுப் பூட்டாம்பா. இன்னியோட எட்டு நாளாவுது.”

“யா அல்லாஹ்” என்று ஜாபர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்த பாட்டை எட்டி நிறுத்தினான். தெருவில் போகும் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் உள்ளே வந்தது.

“உன் பாட்டுதான் பாய் அவனைக் கொன்னுடுச்சி. இத்த உன் மூஞ்சில வுட்டெறியத்தான் வந்தேன். டிரைவர் அந்த அடி ஹாரன் அடிச்சிகீறாரு. பிளாட்பாரத்துல நின்ன சனமெல்லாம் கத்திகீது. இவன் திரும்பியே பாக்கலியாம். காதுல அந்த வாக்மேனை மாட்டிக்கினு போயிருக்கான்.”

“நீங்க பாத்தீங்களா அண்ணா?”

“நான் எங்க பாத்தேன்? கூப்ட்டா ஏன்னு கேக்க மாட்டான். உனக்கே அவ்ளோ திமிருன்னா எனக்கு ரோஷம் இல்லியான்னு, ஆறு மாசமா நானும் பேசறத வுட்டுட்டேன். அம்மா இல்லாத புள்ள. ஒரே வூட்ல அவன் சோத்தை அவன் போட்டுப்பான், என் சோத்தை நான் போட்டுப்பேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாட்டு பாட்டுன்னு கெட்டுப் போறானேன்னு, ரெண்டு வருசம் முன்ன நான்தான் தகடு அடிக்கிற பட்டறைல கொண்டாந்து வுட்டேன். அப்பவும் திருந்தலியே.”

பாவம், பழியை யார்மேலாவது இறக்கிவைத்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஜாபருக்கு அது புரிந்தது, கோபம் வரவில்லை. எழுந்து, கீழ் டிராயரைத் திறந்து, ஒயர் சுற்றிய வாக்மேன் ஒன்றை எடுத்து அவர்முன் வைத்தான். அதன் முதுகில் ‘விக்கி’ என்று ஆணியால் சுரண்டி எழுதியிருந்தது.

“ஜூன் மாசத்துலேர்ந்து இது இங்கதான் இருக்கு அண்ணா. ‘நீயே வெச்சிரு பாய், அப்பால வாங்கிக்கறேன்’னு குடுத்துட்டுப் போனான்.”

துளசிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இந்த கேசட்டுங்க?”

“புதுசு வர்ற அன்னிக்கே வந்து வாங்கிடுவான். பிரிக்க மட்டும் மாட்டான். சேத்து வெச்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கப் போறேன்னு சொல்லுவான். பாருங்க, சீட்டுகூட அப்படித்தான் எழுதியிருக்கான்.”

சுவரிலிருந்து ஒரு சீட்டைப் பிய்த்து நீட்டினான். மற்ற சீட்டுகளில் அடித்தும் திருத்தியும் நம்பர்கள் நெருக்கியடித்தன. விக்கியின் சீட்டில் பத்துப் பெயர்கள் மட்டும் இருந்தன. நம்பர் போடுகிற ஓரம் காலி. அடியில் குட்டி எழுத்தில் ஒரு வரி: ‘நம்பர் அப்புறம் போடறேன்.’

துளசிங்கத்தின் விரல் அந்தக் காலி ஓரத்திலேயே மேலும் கீழும் போய்வந்தது. கொண்டுவந்த கோபம் அவரிடம் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அப்ப அன்னிக்கி அவன் காதுல ஒண்ணுமே இல்லியா பாய்?”

“இல்ல அண்ணா.”

“அப்புறம் ஏன் திரும்பல?” மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தெரிஞ்சேதான் நின்னுட்டானா? நான் பேசாத கோவத்துலயா? சொல்லு பாய், உன்னாண்டதான் எல்லாம் சொல்லுவானே.”

ஜாபர் அவர் முகத்தையே பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

“அவனுக்குக் காது கேக்காமப் போனது உங்களுக்குத் தெரியாதா அண்ணா?”