நானூறு குறைந்த ராத்திரி

"வெளியே போடா! இனி இந்த வாசப்படியை மிதிச்சே, மரியாதை கெட்டுடும்!"

லேத் பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. மச்சினன் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான்.

"மாமா, கொஞ்சம் நிதானமாப் பேசுங்க."

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு, நிதானமாம் நிதானம்!"

மேஜைமேல் விசா ஆபீசிலிருந்து வந்த கடிதம் கிடந்தது. மகள் அதை நாலு தடவை படித்துக் காட்டிவிட்டாள். வெளிநாட்டில் படிக்க விசா கேட்பவர்கள், ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை இருபத்தெட்டு நாள் தொடர்ந்து வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட ஒரு காசு குறையக் கூடாது. பாழாய்ப்போன இருபத்தைந்தாம் நாள் ராத்திரி நானூறு ரூபாய் குறைந்திருந்தது. மறுநாள் காலையிலேயே அதற்கு மேலாகவே திரும்பி வந்தும்விட்டது. வந்து என்ன பிரயோஜனம்? விசா கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

மறுபடி விண்ணப்பிக்க இன்னொரு இருபத்தெட்டு நாள் வேண்டும். வகுப்பு தொடங்க ஒன்பது நாள்தான் பாக்கி. உதவித்தொகையோடு கிடைத்த இடம். துண்டு போட்டு வைக்க அது என்ன பஸ் சீட்டா?

அந்தப் பணத்தைத் தேற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மனைவியின் நகை போயிற்று. பட்டறையில் இருந்த இரண்டு மெஷினில் ஒன்று போயிற்று. மச்சினன் தன் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்ததையும் வாங்கிப் போட்ட பிறகுதான், கேட்ட தொகை சரியாக வந்து நின்றது. அதற்கு மேல் போட வீட்டில் ஒன்றுமில்லை.

"கார்டு என் சட்டைப் பையை விட்டு நகரல. போன்ல கணக்குப் பாக்கற சமாச்சாரத்தைப் போட்டுக் குடுத்தவன் நீ. எனக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது. அதோட ரகசிய நம்பர் உனக்குத்தான் தெரியும். ராத்திரி எடுத்துட்டு, காலையில கமுக்கமா வெச்சுட்டே!"

"கல்யாணப் பணம் மொத்தத்தையும் தூக்கிக் குடுத்தவன், பிசாத்து நானூறையா திருடுவேன்?"

"திருடினவன் எவன்டா ஒத்துக்கிட்டான்?"

மனைவி குறுக்கே வந்தாள். "என்னங்க, வார்த்தையை விடாதீங்க. அவன் என் கூடப் பொறந்தவன்."

"அப்ப நீயும் அவன்கூடவே போ!"

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். "அந்தப் பணம் எனக்கு வேணாம்க்கா. பாப்பா படிப்புக்குன்னு குடுத்தேன். அவளுக்கே இருக்கட்டும்." படியிறங்கிப் போய்விட்டான்.

"ஸ்டேட்மென்ட்ல ஏதோ நாலு எழுத்துதான்ப்பா போட்டிருக்கு. என்னன்னு பேங்க்ல கேட்டாத்தான் தெரியும்" என்றாள் மகள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"வா, கேட்போம். கையும் களவுமாப் பிடிக்கறேன் பாரு."

வங்கியில் கூட்டம். முக்கால் மணி நேரம் நின்றார்கள். பெட்டி எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்று போன வாரம் வரை கேட்டுக்கொண்டிருந்த பெண், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரிந்தது: தன்னால் இவளுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. திருடனைப் பிடிப்பது ஒன்றுதான் மிச்சம்.

"மேடம், எவன் எடுத்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"அப்பா, மெதுவா..."

"நீ சும்மா இரும்மா. மேடம், நான் பணத்தைப் போட்டுட்டுக் குறட்டை விட்டவன் இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காத்தவன்!"

கவுண்டர் பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "யாரும் எடுக்கல சார். பேங்க்தான் பிடிச்சிருக்கு. மாசக் கடைசி ராத்திரி எல்லாருக்கும் கட்டணம் பிடிப்பாங்க."

"அப்ப காலையில வந்தது?"

"அது நாங்க போட்ட வட்டி."

பட்டறைக்காரருக்கு மச்சினன் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதை உதறித் தள்ளிவிட்டு இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"என்ன மேடம் கட்டணம்? இந்தக் கணக்குல நான் ஒரு காசு எடுக்கல. ஒரு செக் எழுதல. பகல் கொள்ளையா இருக்கே!"

"ஏடிஎம்ல மீதி எவ்வளவுன்னு பாத்ததுக்கு சார். மாசத்துக்கு அஞ்சு தடவை இலவசம். அதுக்கு மேல பாத்தா தடவைக்கு இருபது. இதுல இருபத்தஞ்சு தடவை பாத்திருக்கு." அவள் திரையில் விரலை ஓட்டினாள். "நாள் தவறாம காலையில ஆறேகாலுக்கு, பஸ் ஸ்டாண்டு மெஷின்ல. யாரு சார் அது, வேலைவெட்டி இல்லாம?"

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

பட்டறைக்குப் போகும் வழியில் அந்த மெஷினில் கார்டைப் போட்டு, மகளுடைய பணம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால்தான் அவருக்கு அன்றைக்கு வேலையே ஓடும்.