ஒரு சுற்று கூடுதலாக

பழைய டர்ட் பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார் மெக்கானிக் செல்வின். ஹாண்டில் 'டக் டக்' என்றது.

"ஹாண்டில் திரும்புற கோன்செட் பேரிங் தேஞ்சிருச்சு சார். புதுசு போட்டாத்தான் ஓட்டலாம்."

"சாம்பியனுக்கே பாடமா? நட்டை இறுக்குப்பா," என்றார் தவமணி. பைக் ரேஸில் கோப்பை வாங்கி இருபது வருடமாகியும் அவர் கழுத்து அதே மிடுக்கில்தான் நிமிர்ந்து நின்றது.

அந்தக் கழுத்து முறியட்டும் என்றே செல்வின் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினார். ஆட்டம் நின்றது. ஹாண்டிலும் திரும்ப மறுத்தது.

"பாத்தியா, பாறை மாதிரி நிக்குது," என்ற தவமணி வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "நிலானி, வந்து ஏறும்மா. ரேஸ்ல ஓட்டப்போறது நீதானே."

மகள் ஹெல்மெட்டோடு வந்து ஏறினாள். "தேங்க்ஸ்ண்ணே," என்றாள்.

செல்வின் முன்சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார்.

"விடுய்யா," என்றார் தவமணி.

செல்வின் விடவில்லை.