ஊரில் மைனஸ் இருபத்தெட்டு

கிறீச்!

பல்லைக் கூச வைத்த அந்தச் சத்தத்தில் வண்டிவீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பொது மண்டபத்துத் தாழ்வாரத்தில், கரும்பலகைக்கு முன்னால் வெர்னா நின்றிருந்தார். மேலே மழைக்கோட்டு, கையில் சாக்பீஸ்.

கனடாவின் பனிக்குப் பயந்து, வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு டெக்சஸின் தெற்குக் கோடிக்கு வந்து மூன்று மாதம் வெயில் காயும் ரிட்டயர்டு ஆசாமிகளின் ரிசார்ட் அது. இந்த வருஷம் வெயிலைத் தவிர எல்லாம் இருந்தது. ஐந்து வாரமாக நசநசவென்று தூறல். நீச்சல் குளத்தில் வாத்துகள் குடியேறிவிட்டன.

ஒரே ஆறுதல் அந்தப் பலகைதான். தினமும் காலையில் அங்கே தங்கியிருந்த ஒரெஸ்ட் இரண்டு வரி எழுதுவார். 'இங்கே: ஏழு டிகிரி. ஊரில்: மைனஸ் இருபத்தெட்டு.' படித்துவிட்டு, "அப்பாடா, தப்பிச்சோம்" என்று எல்லோரும் டோனட் தின்னப் போவார்கள்.

அந்த இரண்டாவது வரியைத்தான் வெர்னா அழித்திருந்தார்.

ஒரெஸ்ட் செருப்பு கூடப் போடாமல் ஓடிவந்தார். "டீச்சர், என்ன பண்றீங்க?"

"திருத்தறேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான். தப்பான விடையைப் பார்த்தா கை சும்மா இருக்காது."

பலகையில் புதிதாக இருந்தது: 'ஊரில்: பிளஸ் ஒன்பது. நல்ல வெயில்.'

"வருஷத்துக்கு ஒரு தடவை பேசற என் தம்பி நேத்து போன் பண்ணினான். ஐஸெல்லாம் உருகி ஓடுதாம். அரைக்கைச் சட்டையோட வாசல்ல நின்னு பேசறான். நான் இங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கறேன்! ஒரு மாசமா புளுகியிருக்கீங்களே ஒரெஸ்ட், நாங்க யாரும் கிளம்பிடக் கூடாதுன்னு மேனேஜர் எழுதச் சொன்னாரா?"

ஒரெஸ்ட் எதிரே இருந்த வண்டிவீட்டை ஓரக்கண்ணால் பார்த்தார்.

கூட்டம் சேர்ந்திருந்தது. வெர்னா கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினார். ஒருத்தரும் அசையவில்லை.

"என்ன, யாருக்கும் கோபமே வரலையா?"

"எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றார் காபியும் கையுமாக நின்ற லோர்ன். "எங்ககிட்டயும் போன் இருக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

லோர்ன் குரலைத் தாழ்த்தி, எதிர் வண்டிவீட்டில் திரை மூடியிருந்த ஜன்னலைக் காட்டினார்.

"பாலினுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கில்ல? மார்ச் முடியற வரைக்கும் வண்டியில ஏறவே கூடாதுன்னுட்டார் டாக்டர். 'ஊருக்குப் போகணும், என்னால எல்லாருக்கும் கஷ்டம்'னு ஒரே அழுகை. படுத்த இடத்துலேருந்து பார்த்தா இந்தப் பலகைதான் தெரியும். ஒரெஸ்ட் மைனஸ் போட்டு எழுத ஆரம்பிச்சார். அழுகை நின்னுபோச்சு."

வெர்னா சாக்பீஸைக் கீழே வைத்தார். "என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?"

"உங்களுக்குத்தான் பொய் வராதே! போன வருஷம் என் பொண்டாட்டி கேக் எப்படியிருக்குன்னு கேட்டா. நீங்க சொன்ன பதிலுக்கு அப்புறம் அவ அடுப்பே பத்தவைக்கல."

வெர்னா அவசரமாக மழைக்கோட்டின் நுனியால் பலகையைத் துடைக்கப் போனார்.

எதிரே திரை விலகியது.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஜன்னலில் பாலினின் முகம் தெரிந்தது. பலகையைப் பார்த்தது. பிறகு ஒரு கை வெர்னாவை மட்டும் 'உள்ளே வா' என்று கூப்பிட்டது.

வெர்னா படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். "பாலின், என்னை மன்னிச்சிடு, நான் தெரியாம..."

"கதவைச் சாத்துடி முதல்ல" என்றார் பாலின். "அப்புறம், பிளஸ் ஒன்பது இல்லை. பத்து."

"என்னது?"

பாலின் தலையணைக்குக் கீழேயிருந்து போனை எடுத்தார். "ஒரு தட்டு தட்டினா ஊரோட வெயில் இதுல தெரியுது. படுத்துக் கிடக்கறவளுக்கு வேற என்ன வேலை? மைனஸைப் பார்த்து ரெண்டே ரெண்டு நாள்தான் ஏமாந்தேன்."

"அப்போ ஏன் நம்பற மாதிரி..."

"ஒரெஸ்ட் பொண்டாட்டி செத்துப் போனதுலேருந்து அந்த மனுஷன் மத்தியானம் வரைக்கும் போர்வையை விட்டு வெளிய வந்தது கிடையாது. சோறும் கிடையாது, பேச்சும் கிடையாது. இப்போ எனக்காகப் பொய் சொல்லணும்னே ஏழு மணிக்கு எழுந்து ஷேவ் பண்ணிக்கறார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நாளைக்கு எழுந்திருக்க மாட்டார். எப்படியாவது நீதான் சரிபண்ணணும்."

"நானா? எனக்குப் பொய்யே..."

"போடி."

வெர்னா வெளியே வந்தார். தூறலில் வெறுங்காலோடு ஒரெஸ்ட் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பார்த்துட்டாங்க இல்ல?" என்றார். "பரவாயில்லை டீச்சர். எப்படியும் ஒருநாள் தெரியத்தானே போகுது. நான் போய்ப் படுக்கறேன்."

வெர்னாவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. தொண்டையை இரண்டு முறை செருமினார்.

"அவ கண்ணாடி போடலையாம். பலகையில ஏதோ வெள்ளையாத் தெரியுதுன்னா. இன்னிக்கு ஊர்ல எவ்வளவுன்னு என்னைக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மைனஸ் முப்பத்தொண்ணுன்னேன்."

ஒரெஸ்ட் அவருடைய சிவந்த காதுகளைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார்.