கையை விரித்த டாக்டர்

பெரியசாமி விஷயத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார் என்ற சேதியை லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொண்டுவந்ததே ஆரோக்கியமேரிதான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அவர்களுக்குத் துணையாகப் போனவள். கண்ணாடிக் கதவு வழியாகத் தன் கண்ணாலேயே பார்த்தாள். பெரியசாமியும் பெண்டாட்டியும் மருந்து வாங்கிக்கொண்டு வருவதற்குள், முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே வாசலில் கூட்டம். ஏரியில் வலை போடுவது யார் முறை என்ற சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த தம்பி கோதண்டம்கூட அழுதுகொண்டே படியேறினான்.

பெண்டாட்டி அம்மணிக்குத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. போகப்போகிற மனுஷனுக்கு உப்பில்லாத கஞ்சி!

மேரிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வஞ்சிரக் கருவாட்டை வறுத்து, இலையில் பொதிந்து எடுத்துப் போனாள்.

வாசலிலேயே அம்மணி மறித்தாள். "இன்னா அது மேரி?"

"கருவாடு. சாவப்போற அண்ணனுக்கு ஒரு துண்டு குடுக்க மனசு வரலியே, அக்கா, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கீதா?"

அம்மணி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

"யாருடி சாவப்போறது?"

"டாக்டர் கையை விரிச்சாரே, பார்த்தேனே!"

"அதுக்கு முன்னாடி மூடினாரே, அதைப் பார்த்தியா?"

அம்மணி கையை இறுக்க மூடிக் காட்டினாள்.

"இவரு நெஞ்சு இப்படி நல்லாத்தான் இறுக்குதாம். பிபியைக் கவனிக்காம வுட்டதுல சதை தடிச்சு வெறைச்சுப்போச்சாம். திரும்பத் தளர்ந்து விரிஞ்சாத்தானே உள்ள ரத்தம் ரொம்பும்? அது விரிய மாட்டேங்குதாம். அதான் மூச்சு வாங்குது. எப்படி விரியணும்னு காட்டத்தான் கையை விரிச்சாரு. மாத்திரையை வுடாம போட்டு, உப்பைக் கொறைச்சா சமாளிச்சிக்கலாம்னாரு."

மேரியின் கண் அம்மணி பிடுங்கிய பொட்டலத்துக்குப் போனது. நல்லவேளை, கருவாடு உள்ளே போகவில்லை.

"அய்யோ மாதாவே! ஊரே உன்னைக் கரிச்சுக்கொட்டுதே, ஏன்க்கா வாயைத் தொறக்கல?"

அம்மணி ஜன்னலைக் காட்டினாள். உள்ளே கோதண்டம் அண்ணன் காலைப் பிடித்துவிட்டபடி ஏதோ சொல்ல, பெரியசாமி மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதைக் கேட்டுத்தான் அவன் வந்தான். அதான் இவரும் உண்மையைச் சொல்லாம படுத்துக்கினு கீறாரு. ரெண்டு பேருக்கும் நெஞ்சு இப்பத்தான் விரியுது. இன்னும் ரெண்டு நாளு போவட்டும். அதுவரைக்கும் நீ என்னைக் கல்நெஞ்சுக்காரின்னே திட்டிகினு இரு, மேரி."