கூட்டத்துக்கு வராத குழு

கொழும்புக் கணினிக் கம்பனியிலிருந்து நிர்வாகியாக வந்த புதுத்துரை, தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்து ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்தார். காலையில் மரங்களில் பால் வெட்டியதும் எல்லோரும் நின்றபடி கூட்டம். பிறகு தலைவர்கள் கூட்டம். அதற்குப் பிறகு தலைவர்களின் தலைவர்கள் கூட்டம்.

இன்று எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால், மேல்மலையில் பால் வடிந்த சிரட்டைகள் அத்தனையும் காலி. வேலை போய்விடுமோ என்று பயந்து கங்காணி செபஸ்ரியன் துரையிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

துரையோ கைதட்டினார். “சபாஷ்! அதுக்குள்ள பால் எடுத்தாச்சா? எந்தக் குழு?”

“எங்க ஆளுங்க கூட்டத்துலதாங்க நின்னாங்க.”

“அப்போ உத்தரவே இல்லாம உதவிக்கு வந்த குழு! கேடயம் கொடுக்கணும், கூட்டிட்டு வாங்க.”

“அவங்க களவாணிப் பயலுங்க, தொரை.”

துரைக்கு முகம் வெளிறியது. “இப்ப எப்படித் தடுக்கிறது?”

“நம்ம கூட்டத்துல சேத்துக்கங்க தொரை. அப்புறம் அவங்களாலயும் வேலை செய்ய முடியாதுங்க.”