ஆம்ப்ரோஸ் கண்ட அடுத்த மாசம்

"எனக்கு இன்னிக்கே வேணும் சார். ஒண்ணு போதும்" என்று கையை நீட்டினான் ஜட்காக்கார ஆம்ப்ரோஸ். கண்கள் சிவந்திருந்தன, சட்டையில் கஞ்சாப் புகை வீசியது.

மேசைமேல் கம்பளிகள் அடுக்கியிருந்தன. இன்றைக்கே கேட்டால் ஒன்று, ஒரு மாதம் பொறுத்தால் மூன்று. தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே இருக்காது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார் டாக்டர் சீனிவாசராகவன். காக்ஸ் டவுன் பக்கம் இருந்த அவருடைய டிஸ்பென்சரியில், அதை நிரூபிக்க, வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாரமாக இதே கேள்விதான்: இன்றைக்கு ஒன்றா, அடுத்த மாதம் மூன்றா?

ஜோசஃபின் புருஷனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "மூணு புள்ளைங்கய்யா நமக்கு. ஒரே சாக்குல சுருண்டு கெடக்குதுங்க. ஒரு மாசம் பொறுக்க மாட்டியா?"

"மாட்டேன்."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். சற்று முன்தான் தையற்காரர் சந்தானம், பீடிகூடத் தொடாதவர், மூன்று கம்பளிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு பெருமையாகப் போயிருந்தார்.

டாக்டர் சிரித்தார். "சரி, கண்ண மூடு. அடுத்த மாசம் இதே நாள், இதே இடம். என்ன தெரியறது?"

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடினான். "மழை பெய்யுது. வாசல்ல என் குதிரை நனையுது. சந்தானம் சீட்டும் கையுமா படியில நிக்கிறாரு."

"அப்புறம்?"

"கதவுல பூட்டு தொங்குது சார்."

"அடுத்த மாசத்தைக் கேட்டா பூட்டைப் பார்க்கறான்!" டாக்டர் பேனாவை எடுத்தார். "கஞ்சா மூளைக்கு எதிர்காலம் உருப்படியாத் தெரியாதுன்னு நான் எழுதினது சரிதான்."

ஜோசஃபின் தலை குனிந்தாள். ஆம்ப்ரோஸ் குனியவில்லை.

"தினம் அடிக்கிறேன் சார். அத மறைக்கல. மூளை இல்லேன்னு மட்டும் எழுதாதீங்க."

"பின்னே ஏன்டா மூணை விட்டுட்டு ஒண்ணைக் கேக்கறே?"

ஆம்ப்ரோஸ் மேலாக இருந்த கம்பளியை எடுத்து, மனைவியின் தோளில் போட்டான். பிறகு டாக்டரை நேராகப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை நீங்க மெட்ராசுக்கே குடிபோறீங்களாமே சார், சாமான் ஏத்த என் ஜட்காவத்தான் இன்னிக்குக் காலைல உங்க வீட்டம்மா பேசியிருக்காங்க!"